தூக்கினால் சுகமா, தொங்கவிட்டால் சுகமா?

14 ஜனவரி 2024 (கேள்வி)

அம்மாவுக்கு வயது 61. கொஞ்ச தூரம் நடந்தாலே கால் வலி என்கிறார். சாயந்திரமானால் கணுக்கால் வீங்குகிறது. பக்கத்து கிளினிக்கில் "ரத்த ஓட்டம் சரியில்லை" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆன்லைனில் தேடினால் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ், காற்றடிக்கும் பூட்ஸ், பாதத்துக்குக் கரண்ட் விடும் தட்டு, ஸ்மார்ட் வாட்ச் என்று எக்கச்சக்கம் வருகிறது. எதை வாங்கலாம்? பயன்படுத்தியவர்கள் மட்டும் சொல்லவும்.

14 ஜனவரி 2024, இரவு

நான்கையும் பயன்படுத்தியவன் நான். மூன்று பீரோவில் இருக்கின்றன, பூட்ஸ் மட்டும் மச்சான் வீட்டில் கடன் வாங்கியது. 31 வருடம் திருச்சியில் டவுன் பஸ் கண்டக்டர், சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே நின்றே பிழைத்தவன். ட்ரிப் முடிந்தால் ஒரு சிகரெட். ஒரு நாளைக்கு எத்தனை ட்ரிப் என்று கேட்காதீர்கள்.

சுருக்கமாக என் தீர்ப்பு: ஸ்டாக்கிங்ஸ் ஐம்பது சதவீதம் நல்லது. வாட்ச் நல்லது. தட்டு சுகமாக இருக்கும், அவ்வளவுதான். பூட்ஸ் போட்டால் தூக்கம் வரும்.

15 ஜனவரி 2024

பொங்கல் பானை பொங்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன், வீட்டில் திட்டு. நேற்று அவசரப்பட்டுவிட்டேன். எதையும் வாங்குவதற்கு முன் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். ராத்திரி காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தால் சுகமா, கட்டிலிலிருந்து தொங்கவிட்டால் சுகமா?

இதயத்திலிருந்து காலுக்குப் போகும் குழாய் தமனி. காலிலிருந்து திரும்பி வரும் குழாய் சிரை. பஸ் கணக்கில் சொன்னால் போகிற வண்டி, வருகிற வண்டி. 2022 கடைசியில் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடினார்களே, அது போகிற வண்டி நின்ற கதை: ஸ்ரீரங்கத்துக்கு ஆள் வந்து சேரவில்லை. தமனி அடைத்தால் கால் பட்டினி கிடக்கும். நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும். முற்றிப்போனால் படுத்திருக்கும்போதே பாதம் எரியும், தொங்கவிட்டால் ரத்தம் தானாக இறங்கிக் கொஞ்சம் நிம்மதி தரும்.

வருகிற வண்டி நின்றால் கதை வேறு. ஸ்ரீரங்கத்தில் போன வண்டியெல்லாம் அங்கேயே குவியும், அதுதான் வீக்கம். சிரைக்குள் ரத்தம் கீழே இறங்காமல் தடுக்கும் குட்டிக் கதவுகள் உண்டு. அவை தளர்ந்தால் ரத்தம் தேங்கும், கால் கனக்கும், கணுக்கால் கறுக்கும். இதற்குத் தூக்கி வைத்தால்தான் சுகம்.

இரண்டுக்கும் "ரத்த ஓட்டம் சரியில்லை" என்று ஒரே பெயர் சொல்வதுதான் வம்பு. தமிழிலும் நாம் குழப்பிக்கொள்கிறோம். சிரையையும் நரம்பு என்கிறோம், மூளையிலிருந்து வருவதையும் நரம்பு என்கிறோம். எனக்குக் காலில் "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்று சொன்னதற்கு நண்பர் ஒருவர் நியூரோ டாக்டரிடம் கூட்டிப் போனார். டோக்கன் வாங்கி மூன்று மணி நேரம் உட்கார்ந்தது மிச்சம்.

21 ஜனவரி 2024

"ஐம்பது சதவீதம் நல்லது என்றால் என்ன அர்த்தம்" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அர்த்தம் இதுதான்: இரண்டு காலில் ஒரு காலுக்கு நல்லது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கு இடது காலில் சிரைக் கோளாறு, நின்று நின்று வந்தது. வலது காலில் தமனி அடைப்பு, சிகரெட் தந்தது. அது தெரியாத காலத்தில் மருந்துக்கடையை ஒட்டிய சர்ஜிகல் கடையில் போய் "கால் வீங்குது" என்றேன். கடைக்காரர் அளவு நாடாவை எடுக்கவே இல்லை, செருப்பு சைஸ் கேட்டு ஒரு ஜோடியைக் கொடுத்தார். 20 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் என்று அட்டையில் போட்டிருந்தது. எனக்கு அது பி.பி. மாதிரி ஏதோ ஒன்று.

இடது கால் பத்தே நாளில் லேசாகிவிட்டது. சாயந்திரம் செருப்பு வார் பதியவில்லை. வலது காலிலோ விரல் வெளிறியது. முழங்காலுக்குக் கீழே ஸ்டாக்கிங்ஸ் மடிந்த இடத்தில் தோல் சிவந்து கன்றிப்போனது. ராத்திரி எழுந்து காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பேன். பழக வேண்டும் என்று நினைத்து இன்னும் நன்றாக இழுத்து மாட்டினேன். முட்டாள்தனம்.

கடைசியில் போய்ப் பார்த்த வாஸ்குலர் டாக்டர் (ரத்தக்குழாய் நிபுணர்) எந்த மெஷினையும் தொடும் முன் பாதத்தின் மேல் விரல் வைத்தார். கணுக்கால் எலும்புக்குப் பின்னால் வைத்தார். "ஐயா, இந்தக் காலில் நாடி கைக்குத் தட்டுப்படவில்லை" என்றார். அப்புறம் கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி, ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்க வைக்கும் டாப்ளர் என்ற பேனா மாதிரிக் கருவியை வைத்து அழுத்தம் பார்த்தார். கையில் 140. இடது கணுக்காலில் 136. வலதில் 77. கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுக்க வேண்டுமாம், ஏ.பி.ஐ. என்று பெயர். இடது 0.97, வலது 0.55. 0.9-க்குக் கீழே என்றால் தமனி அடைப்பு. ஏற்கனவே அழுத்தம் குறைந்த காலை வெளியிலிருந்தும் நான் நெரித்துக்கொண்டிருந்தேன். வலி இல்லாத சோதனை, பட்டை கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்திருந்தால் போதும்.

22 ஜனவரி 2024

"அப்போ மீதி ஒற்றை ஸ்டாக்கிங்ஸை என்ன செய்தீர்கள்" என்று கேட்டவருக்கு: அது பெரிய கதை, பிறகு.

3 பிப்ரவரி 2024

வாட்ச். மகன் வாங்கி அனுப்பினான். உள்ளே பச்சை விளக்கு எரியும், தோலுக்குள் ரத்தம் துடிப்பதை ஒளியில் பார்த்துத் துடிப்பை எண்ணும். கவனியுங்கள், மணிக்கட்டில் எண்ணுகிறது. என் கெண்டைக்காலில் என்ன நடக்கிறது என்று அதற்கு ஒரு துளியும் தெரியாது. அது கால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் கருவி என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

நடையை எண்ணும், சரி. ஆனால் ஒருநாள் லால்குடி போய் வந்தேன், ஜன்னல் ஓரம் உட்கார்ந்தே போனேன், கம்பியைப் பிடித்திருந்த கை குலுங்கியதில் ஏகப்பட்ட அடிகள் ஏறியிருந்தன. சாலை போட்ட ஒப்பந்தக்காரருக்குத்தான் அந்தக் கணக்கைக் காட்ட வேண்டும்.

தினமும் பத்தாயிரம் அடி நட என்கிறார்களே, அந்தக் கணக்கும் எந்த மருத்துவரும் போட்டதில்லையாம். 1965-இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் இடுப்பில் மாட்டும் நடைமானிக்கு "பத்தாயிரம் அடி மீட்டர்" என்ற பொருளில் பெயர் வைத்து விற்றது. அந்த எண் அப்படியே உலகம் சுற்றிவிட்டது.

4 பிப்ரவரி 2024

ஒருவர் கொரோனா நேரத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரைக் கால் கட்டைவிரலில் மாட்டி 97 வந்தது, எனவே கால் நலம் என்று எழுதியிருக்கிறார். நானும் மாட்டிப் பார்த்தவன்தான். எனக்கும் 96. வந்து சேர்ந்த ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்றுதான் அது சொல்லும், எவ்வளவு ரத்தம் வந்தது என்று சொல்லாது. வண்டியில் வந்த பத்து பேரும் டிக்கெட் வாங்கியிருந்தார்கள் என்பதால் வண்டி நிறைந்து வந்தது என்று ஆகுமா?

18 பிப்ரவரி 2024

வாட்ச் நல்லது என்று ஜனவரியில் எழுதினேன். இப்போது அதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

வாங்கிய முதல் நான்கு மாதம் அதன் பேச்சைக் கேட்டே நடந்தேன். வலி வரப்போகிறது என்று தெரிந்தால் வேகத்தைக் குறைப்பேன். ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் என்னை முந்திப் போவார்கள். வலியே இல்லாமல் அடிகள் ஏறும், திரையில் வாணவேடிக்கை வெடிக்கும். வீட்டில் பெருமையாகக் காட்டுவேன். ஆனால் வலி இல்லாமல் நடக்க முடிந்த தூரம் தொடக்கத்தில் ஐந்து மின்கம்பம், நான்கு மாதம் கழித்தும் ஐந்து மின்கம்பம்.

பிசியோதெரபி பார்க்கும் பெண்ணிடம் பெருமையோடு போனைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "சார், நீங்க வலியை ஏமாத்திட்டு நடந்திருக்கீங்க" என்றார். அவர் தந்த கணக்கு வேறு. ஓரளவு வேகமாக நடக்க வேண்டும். வலி வரவேண்டும். நடுத்தரமாக வலிக்கும்வரை போய் நிற்க வேண்டும். முழுக்க விட்டதும் மறுபடி நடை. இப்படி விட்டு விட்டு அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை, வாரத்துக்கு மூன்று நாளாவது, குறைந்தது 12 வாரம். "வலி வந்தால் கால் கெட்டுப்போகும்னு பயப்படாதீங்க, இதுல வலிதான் மருந்து" என்றார்.

எனக்கு அது ஸ்டேஜ் கணக்காகப் புரிந்தது. தெற்கு உத்திரத்தில் ஏறினால் வலி வரும் இடத்தில் ஒரு ஸ்டாப்பிங். இறங்கி நிற்கணும். விசில். மறுபடி ஏறணும்.

19 பிப்ரவரி 2024

விட்டுப்போனது. இப்படி நடந்தால் அடைப்பைச் சுற்றி மாற்றுப்பாதை உருவாகிவிடும் என்று நண்பர் ஒருவருக்கு நேற்று பதில் போட்டேன். பிசியோ பெண் படித்துவிட்டுத் திருத்தினார். அடைப்பு அப்படியே இருக்குமாம். பெரும்பாலும் தசைதான் வருகிற கொஞ்ச ரத்தத்தை வைத்துச் சிக்கனமாகக் குடும்பம் நடத்தப் பழகிக்கொள்கிறது. எனக்குப் பின்னால் ஏ.பி.ஐ. எடுத்தபோதும் எண் அசையவில்லை, தூரம்தான் அசைந்தது.

9 மார்ச் 2024

டாக்டருக்கும் பிசியோவுக்கும் இந்த மாட்டிக்கொள்ளும் கருவிகள் விஷயத்தில் ஒத்துப்போவதில்லை. நடுவில் நான்.

டாக்டர் கட்சி: போனில் வரும் வரைபடங்களைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. "ஒரே ஒரு எண் சொல்லுங்க, எத்தனையாவது நிமிஷத்தில் வலி வந்தது, போன மாசம் எத்தனை?" அவ்வளவுதான் வேண்டும் என்கிறார். அவருடைய உண்மையான கவலை வேறு. கருவி வாங்கியவர்கள் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்களாம். கொழுப்புக்கான ஸ்டேட்டினும் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையும் காலுக்கு மட்டும் அல்ல. காலில் அடைத்தவருக்கு இதயத்திலும் மூளைக்குப் போகும் குழாயிலும் அடைக்க வாய்ப்பு அதிகம். "கால் என்பது கடிதம் ஐயா, அனுப்பியவர் வேறெங்கோ இருக்கிறார்" என்றார். இது பிடித்துப் போய் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

பிசியோ கட்சி: நோயாளிகள் சொல்வதில் பொய் அதிகம். "தினமும் நடக்கிறேன்" என்பார்கள், வாட்ச் காட்டிக்கொடுக்கும். அதனால் மாட்டச் சொல்கிறார். ஆனால் அவரே இரண்டு ஆய்வுகளைச் சொன்னார். இரண்டும் சிகாகோவைச் சேர்ந்த மேரி மெக்டெர்மட் என்ற மருத்துவரின் குழு செய்தவை. 2018-இல் வந்ததில் தமனி அடைப்பு உள்ள 200 பேர். ஒரு பகுதியினருக்கு நடை எண்ணும் கருவியும் போனில் அறிவுரையும் கொடுத்தார்கள். ஒன்பது மாதம் கழித்து ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று பார்த்தால், கருவி இல்லாதவர்களைவிட ஒன்றும் கூடவில்லை. 2021-இல் வந்ததில் 305 பேர், ஓராண்டு. வலி வராத மெதுவான வேகத்தில் நடந்தவர்களுக்குப் பயனில்லை. வலி வரும் வேகத்தில் நடந்தவர்களுக்குத் தூரம் கூடியது. இத்தனைக்கும் இரு சாராரிடமும் கருவி இருந்தது.

நான் நான்கு மாதத்தில் உத்திர வீதியில் கண்டுபிடித்ததைத்தான் அவர்கள் ஓராண்டில் கண்டுபிடித்திருக்கிறார்கள். என்னைக் கேட்டிருக்கலாம்.

10 மார்ச் 2024

நடந்தால் கால் வலிக்கும் இந்தத் தமனி நோயை முதலில் விவரித்தது குதிரையில் என்று உங்களுக்குத் தெரியுமா? 1831-இல் பிரான்சில் ஒரு கால்நடை மருத்துவர், ஓடினால் நொண்டும், நின்றால் சரியாகிவிடும் வண்டிக்குதிரையைப் பற்றி எழுதினார். மனிதனுக்கு ஷார்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதியது 1858-இல். குதிரை சிகரெட் பிடிக்காது, அதற்கு ஏன் வந்தது என்று என் மனைவி கேட்கிறாள்.

ஜெர்மன்காரர்கள் இதற்குக் "கடை ஜன்னல் நோய்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வலிக்காக நிற்பவர் வெட்கப்பட்டுக் கடை ஜன்னலில் சாமான் பார்ப்பதுபோல் பாவனை செய்வாராம். நம் ஊரில் இது போஸ்டர் படிக்கிற நோய். இரண்டு வருடம் நான் படிக்காத கண்ணீர் அஞ்சலி திருச்சியில் கிடையாது.

28 ஏப்ரல் 2024

ஸ்டாக்கிங்ஸ் மாட்டுவது எப்படி என்று கேட்ட தம்பிக்கு. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன், வீக்கம் ஏறுவதற்குள் மாட்ட வேண்டும். அளவும் காலையில்தான் எடுக்க வேண்டும், கணுக்காலில் ஒன்று, கெண்டையில் ஒன்று. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டு இழுத்தால் சுளுவாக ஏறும். விரல் திறந்த மாடல் என்றால் பாதத்தில் ஜவுளிக்கடை கவரைச் சுற்றிக்கொண்டு மாட்டிவிட்டுக் கவரை விரல் வழியாக உருவிவிடலாம். மேலே மடித்துவிடக் கூடாது, மடிப்பு கயிறு மாதிரி நெரிக்கும். ஆறு மாதத்தில் இழுவை போய்விடும்.

திருச்சி வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு நடப்பதைப் பற்றி டாக்டர்கள் யாரும் பேசுவதில்லை. சித்திரைத் தேர் பார்க்க நின்றேன். உள்ளே கால் வெந்தது. ஏப்ரல், மே-யில் என் இடது காலும் பாதி நாள் அவிழ்த்துவிட்டுத்தான் இருக்கிறது. டாக்டரிடம் சொன்னேன், "அந்த நேரத்தில் தூக்கி வைங்க, கெண்டைக்காலை ஆட்டுங்க" என்றார். கெண்டைக்குத் தமிழில் ஆடுசதை என்று இன்னொரு பெயர். அது சுருங்கும்போதுதான் சிரை ரத்தம் மேலே பிழியப்படுகிறது. ஆடினால்தான் வேலை செய்யும் என்று பெயர் வைத்தவனுக்குத் தெரிந்திருக்கிறது.

19 மே 2024

தட்டும் பூட்ஸும். தட்டில் கால் வைத்தால் கரண்ட் சதையைத் துடிக்க வைக்கும். அரை மணி நேரம் சுகம். பிரிட்டனில் நடைப்பயிற்சியோடு இந்த வகைத் தட்டையும் சேர்த்துச் சோதித்திருக்கிறார்கள். பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட மூன்று மாதத்தில் நடக்கும் தூரம் சொல்லும்படி கூடவில்லை. என் வீட்டில் அது இப்போது சீரியல் பார்க்கும்போது மனைவி கால் வைக்கும் பலகை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் தொடவே கூடாது.

காற்றடிக்கும் பூட்ஸ் விஷயத்தில் நான் கேலி செய்ததைத் திரும்பப் பெறுகிறேன். மச்சானுக்குப் பக்கவாதம் வந்து படுத்திருந்தபோது ஆஸ்பத்திரியில் காலில் இதைத்தான் கட்டினார்கள். 2013-இல் வந்த பெரிய பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில் 2,876 பக்கவாத நோயாளிகள். கால் சிரையில் ரத்தம் உறைவது இந்தக் கருவி கட்டியவர்களில் 8.5 சதவீதம், கட்டாதவர்களில் 12.1. ஆனால் ஏற்கனவே உறைந்திருக்கும் காலில் கட்டக் கூடாது, அதனால்தான் திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கினால் முதலில் ஸ்கேன்.

இன்னொரு திருத்தம். அமுக்குவது எல்லாமே தமனிக்கு எதிரி என்று ஜனவரியில் எழுதியது போன்ற தோற்றம் இருக்கிறது. டாக்டர் சொல்கிறார், சட்டென்று பலமாக அமுக்கி உடனே விட்டுவிடும் தனி வகைக் கருவிகள் தமனி நோய்க்கென்றே உண்டு. அது டாக்டர் கண்காணிப்பில் நடக்கிற விஷயம். விடாமல் நெரித்துக்கொண்டே இருப்பதுதான் என் தப்பு.

23 ஜூன் 2024

இது முக்கியம். "வலி வரும்வரை நட" என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் தன் அப்பாவை நடக்க வைத்திருக்கிறார். அவருக்கு 20 வருடமாகச் சர்க்கரை. வலியே வரவில்லை, பாதத்தில் கொப்புளம் வந்துவிட்டது. நல்லவேளை ஆறிவிட்டது.

சர்க்கரையில் உணர்ச்சி நரம்பு மரத்துப் போனவருக்கு வலி என்ற மணி அடிக்காது. அவருக்கு என் விசில் கணக்கு பொருந்தாது. ஏ.பி.ஐ. எண்ணும் அவரை ஏமாற்றும். குழாய் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால் பட்டை அமுக்கினாலும் அமுங்காது, 1.4-க்கு மேல் காட்டும். அதைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது, கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும்.

அவருக்கு முதலில் வேண்டிய கருவி செருப்பு. 1946-இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்கு வலி தெரியாமல் போவதே காரணம் என்று கண்டு மைக்ரோசெல்லுலார் ரப்பரில் செருப்பு செய்ய வைத்தார். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றும் சர்க்கரைக்காரர்களுக்கு எழுதிக்கொடுக்கிறார்கள். பேட்டரி வேண்டாம், சார்ஜ் வேண்டாம். வாட்ச் விலையில் அப்பா ஆயுசுக்கும் வாங்கிப் போடலாம். உள்ளங்காலைத் தினமும் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

24 ஜூன் 2024

ஒரு கால் திடீரென்று சில்லிட்டு, வெளிறி, அசைக்க முடியாமல் போனால் இங்கே வந்து கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். சில மணி நேரம்தான் கையில் இருக்கிறது. ஆட்டோவைப் பிடியுங்கள்.

11 ஆகஸ்ட் 2024

கேள்வி கேட்டவர் ஏழு மாதம் கழித்து வந்திருக்கிறார். அம்மாவுக்கு ஏ.பி.ஐ. 1.02. தமனி சுத்தம். வீக்கம் சிரைக் கதவு தளர்ந்ததால். நடக்கும்போது வரும் வலி? அது முதுகுத்தண்டிலிருந்து. நின்றால் போகாது, உட்கார்ந்து முன்னால் குனிந்தால் போகும். மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் வலிக்கவில்லையாம்.

நானோ கேள்வியைப் படித்ததும் மனதுக்குள் தமனி என்று முடிவு கட்டியிருந்தேன். நடந்தால் வலி என்றால் என் நோய்தான் என்று நினைப்பு. டிக்கெட் கிழிக்கும் முன் எங்கே இறங்கணும் என்று கேட்க வேண்டாமா, இத்தனை வருடம் செய்த வேலை அது. அம்மா இப்போது முழங்கால் வரை ஸ்டாக்கிங்ஸ் போடுகிறார். அளவெடுத்து வாங்கினாராம்.

27 அக்டோபர் 2024

என் கணக்கு: ஐந்து கம்பம் இப்போது பதினாறு. தெற்கு உத்திரத்தில் புறப்பட்டுக் கிழக்கு உத்திர முனையில்தான் முதல் ஸ்டாப்பிங். வாட்ச் கையில் இருக்கிறது, மணி பார்க்கவும் வலி வந்த நிமிடத்தைக் குறிக்கவும். வாணவேடிக்கையை நிறுத்தி வைத்துவிட்டேன். சிகரெட் இல்லை, அதற்கு எந்தக் கருவியும் உதவவில்லை.

ஒற்றை ஸ்டாக்கிங்ஸ் கதை பாக்கி. வலது காலுக்குத் தடை என்றதும் அதைத் தூக்கிப் போடப் போனேன். மனைவிதான் பிடுங்கி, "ஏங்க, முழங்கால் வரைக்கும் வர்ற இதுல இடது வலது ஏது?" என்றாள். இப்போது ஒன்று இடது காலில், இன்னொன்று துவைத்துக் கொடியில்.